ஒயின் குடிக்காதவர்கள் போர்தோவுக்குப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: செப்டம்பர் பிற்பாதியில் குடும்பத்தோடு பாரிஸ் வருகிறீர்கள், நடுவில் இரண்டு நாள் கையில் இருக்கிறது, தென்மேற்குப் பிரான்ஸில் உள்ள போர்தோ போய்வரலாமா என்று யோசிக்கிறீர்கள். நீங்களும் மனைவியும் மது தொடுவதில்லை. கூட வரும் அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். "ஒயினுக்குப் பேர்போன ஊரில் எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவை அப்படியோர் ஊருக்குக் கூட்டிப் போனால் அவர் சங்கடப்படுவாரோ என்ற கவலையும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பயிர் நோயியல் படித்தவன். திராட்சையின் பூஞ்சாண நோய்கள் தொடர்பான வேலைக்காகப் போர்தோவை ஒட்டிய புறநகர் ஒன்றில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தேன். அந்த ஆறு ஆண்டில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர், நண்பர், நண்பரின் பெற்றோர் என்று எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். கொடியைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் நான் சொல்வது தொழில்முறையில் தெரிந்தது. கட்டடங்களையும் வரலாற்றையும் பற்றிச் சொல்வது நடந்து பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டது. ஒயினின் சுவையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நானும் குடிப்பதில்லை. அதனால் அந்த ஊரில் எனக்கு ஏதோ குறைந்துபோனதாக ஒரு நாளும் தோன்றியதில்லை.

தாராளமாகப் போங்கள். போர்தோவில் ஒயின் கோப்பையில் இருப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஊராகவே நிற்கிறது. அந்தக் கற்கட்டடங்கள், ஆற்றங்கரைத் துறை, கிடங்குகள், தெருக்களின் பெயர்கள் எல்லாம் ஒயினையும் அதன் பின்னால் வந்த கடல் வணிகத்தையும் வைத்து எழுந்தவை. ஆற்றையும் கல்லையும் கொடியையும் பார்க்கத் தெரிந்தால் போதும், ஒரு சொட்டு குடிக்காமல் ஊரை முழுசாகப் பார்த்துவிடலாம்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் போர்தோவின் சேன் ஜான் நிலையத்துக்கு வந்துவிடும். 2017-இல் புதுப் பாதை திறந்தபிறகுதான் இந்த வேகம். நிலைய வாசலிலேயே டிராம் நிற்கும். சி தடத்தில் ஏறினால் ஆற்றங்கரையோடே போய் பிளாஸ் த லா பூர்ஸ் என்ற சதுக்கத்தில் இறங்கலாம். டிராமிலிருந்து இறங்கியதும் ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். பழைய நகரப் பகுதியில் டிராமுக்கு மேலே மின்கம்பி கிடையாது. 2003-இல் டிராம் விட்டபோது பழைய கட்டடங்களின் முகத்தைக் கம்பி மறைக்கக்கூடாது என்று, தண்டவாளங்களுக்கு நடுவே தரையிலேயே மின்சாரம் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். வண்டி மேலே நிற்கும் துண்டில் மட்டும் மின்சாரம் பாயும். வண்டி நகர்ந்ததும் அந்தத் துண்டு செத்துவிடும், ஆள் மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஊரை எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான்.

சதுக்கத்துக்கு எதிரே, ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவில், 'நீர்க்கண்ணாடி' இருக்கிறது. 3,450 சதுர மீட்டர் கருங்கல் தளம், அதன்மேல் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். 2006-இல் அமைத்தது. எதிரே நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டட வரிசை அப்படியே தலைகீழாக அதில் விழும். சற்று நேரத்தில் தண்ணீர் வடிந்து, தளத்திலிருந்து புகைபோல நீர்த்திவலை எழும். குழந்தைகள் அதற்குள் ஓடி மறைவார்கள். அம்மாவைச் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடக்கச் சொல்லுங்கள். தளம் சமமானது, ஆனால் ஈரக்கல் என்பதால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தண்ணீர் விடமாட்டார்கள். செப்டம்பரில் இருக்கும். பகலில் ஒருமுறையும் விளக்கேற்றிய பிறகு ஒருமுறையும் பாருங்கள். எனக்கு இரவுதான் பிடிக்கும்.

அங்கேயிருந்து ஆற்றைப் பார்ப்பீர்கள். கரோன் ஆறு. காப்பியில் பால் கலந்த நிறம். முதல் தடவை பார்க்கிற எல்லாரும் "இவ்வளவு அழகான ஊரில் ஆறு இப்படிச் சாக்கடையாக இருக்கிறதே" என்கிறார்கள். சாக்கடை இல்லை, அது வண்டல். கடல் இங்கிருந்து தொலைவில் இருந்தாலும் அலையேற்றம் ஊர் வரை வரும். ஆற்றுநீரும் கடல்நீரும் தினம் இரண்டு தடவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதில் மிக நுண்ணிய சேறு அடியில் தங்காமல் நீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். துறையோரத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து மிதக்கிற ஒரு குச்சியைப் பாருங்கள். ஏற்றவேளை என்றால் குச்சி கடலை நோக்கிப் போகாமல் மேல்நோக்கிப் போகும். ஆறு பின்னால் ஓடும். இந்த ஏற்றத்தைப் பிடித்துத்தான் அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்கள் ஊருக்குள் வந்தன, இறக்கத்தைப் பிடித்து ஒயின் பீப்பாய்களோடு வெளியே போயின. ஆறு இங்கே பிறைபோல வளைவதால் 'நிலாத் துறைமுகம்' என்று பெயர். 2007-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகப் பட்டியலிட்டபோதும் அந்தப் பெயரில்தான் இட்டது.

கட்டடங்களின் கல்லைக் கிட்டே போய்த் தொட்டுப் பாருங்கள். தேன் கலந்த வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல். சுற்றுவட்டாரக் குவாரிகளில் வெட்டிப் படகில் கொண்டுவந்தது. நான் பழகிய வயசானவர்கள் எல்லாரும் சொல்வது, அவர்கள் சின்ன வயதில் இந்த ஊர் கறுப்பாக இருந்தது என்று. புகையும் கரியும் படிந்து துறையோரம் முழுக்கக் கிடங்குகள் அடைத்து நின்றிருக்கின்றன. 1990-களின் நடுவிலிருந்துதான் தெருத்தெருவாக முகப்புகளைச் சுத்தம் செய்தார்கள். சேன் மிஷேல் பக்கத்துச் சந்துகளில் சுத்தம் செய்யாத சுவர் சில இன்னும் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் ஒரு கறுப்பு வீடும் ஒரு மஞ்சள் வீடும் நிற்பதைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

பிளாஸ் த லா பூர்ஸின் வரிசைக் கட்டடங்களை 1730-இல் தொடங்கி 1755 வாக்கில் முடித்தார்கள். கப்ரியேல் என்ற கட்டடக் கலைஞரும் அவருக்குப் பிறகு அவர் மகனும் செய்தது. ஜன்னல்களுக்கு மேலே கல்லில் மனித முகங்கள் இருக்கும். கடல் தேவன், குடிகாரக் கடவுள் பாக்கஸ், திராட்சைக் குலை சூடிய பெண்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நடுவில் சுருள்முடியோடு ஆப்பிரிக்கப் பெண்ணின் முகமும் இருக்கும். அந்த முகத்தின் முன் சற்று நில்லுங்கள். இந்தச் சதுக்கத்தின் அழகுக்குப் பணம் வந்தது ஒயினால் மட்டும் இல்லை. கரீபியன் தீவுகளில், முக்கியமாக இன்றைய ஹைத்தியில், அடிமைகளை வைத்து விளைவித்த சர்க்கரையும் காப்பியும் இந்தத் துறையில்தான் இறங்கின. அதோடு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து ஏற்றிச் செல்லவும் இங்கிருந்து ஏறக்குறைய 500 கப்பல் பயணங்கள் கிளம்பியிருக்கின்றன. 1,20,000-இலிருந்து 1,50,000 பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இதை ஊர் ரொம்ப காலம் பேசாமல் இருந்தது. 2009-இல் அக்கித்தேன் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே அறைகள் திறந்தார்கள். 2019-இல் ஆற்றங்கரையில் மோதெஸ்த் தெஸ்தா என்ற பெண்ணின் வெண்கலச் சிலையை வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, போர்தோ வணிகக் குடும்பம் ஒன்றின் உடைமையாக இருந்தவர். நீர்க்கண்ணாடியில் படம் எடுக்கிற எல்லாரும் அந்தச் சிலை வரை நடப்பதில்லை. நீங்கள் நடந்துபோய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நமக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து அவுரி நீலம் தோய்த்த 'கினே' என்ற துணியைப் போர்தோ வணிகர்கள் செனெகலுக்குக் கொண்டுபோய் அங்கே வேலம்பிசினுக்கு மாற்றினார்கள். செனெகல் ஆற்றங்கரையில் அந்த நீலத்துணியே பணம்போலப் புழங்கியது. அந்தத் துறையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெசவாளிகள் நினைவுக்கு வருவார்கள்.

ஒயின் எப்படி இவ்வளவு பெரிதானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமானியர் காலத்திலேயே கொடி வந்துவிட்டது. ஆனால் ஊரின் தலையெழுத்தை மாற்றியது ஒரு கல்யாணம். அக்கித்தேன் என்ற இந்தப் பகுதியின் வாரிசான எலினோர் 1137-இல் இங்கே சேன் ஆந்த்ரே பேராலயத்தில் பிரெஞ்சு இளவரசரை மணந்தார். அது முறிந்து 1152-இல் ஹென்றியை மணந்தார். இரண்டே ஆண்டில் ஹென்றி இங்கிலாந்து அரசரானார். அதன்பின் 1453 வரை, முந்நூறு ஆண்டுகள், போர்தோ இங்கிலாந்து அரசர்களின் கையில் இருந்தது. ஆண்டுதோறும் கப்பல் கூட்டம் வந்து ஒயினை ஏற்றிக்கொண்டு போகும். கப்பலின் கொள்ளளவை 'டன்' கணக்கில் சொல்கிறோமே, அந்தச் சொல்லே ஒயின் பீப்பாயிலிருந்து வந்தது. ஒரு கப்பல் எத்தனை பெரிய பீப்பாய் கொள்ளும் என்பதுதான் அதன் அளவு. இன்றைக்கும் இங்கே வழக்கத்தில் உள்ள பீப்பாய் 225 லிட்டர். அதாவது 300 பாட்டில்.

'சித்தே து வேன்' என்ற ஒயின் அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2016-இல் திறந்த வளைந்த பளபளப்பான கட்டடம். பி டிராம் அதன் வாசலுக்கே போகும். அதைவிட நல்லது, கேன்கோன்ஸ் சதுக்கத்துக்கு எதிரே உள்ள துறையிலிருந்து ஆற்றுப்படகில் போவது. டிராம் டிக்கெட்டே படகுக்கும் செல்லும். உள்ளே வாசனைகளை முகர்ந்து பார்க்க ஒரு பகுதி இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் பழம், பூ, தோல், மரம் என்று வைத்து, குழல் வழியாக முகரவிடுவார்கள். என்னோடு வந்த பெண்கள் பலருக்கு மிகவும் பிடித்த இடம் அது. மசாலா வாசனை தெரிந்த மூக்குக்கு இது கைவந்த கலை. கடைசியில் மேல் மாடத்தில் ஒரு கோப்பை கொடுப்பார்கள். குடிக்காதவர்கள் திராட்சைச் சாறு கேட்டால் அதைத் தருவார்கள். மாடத்திலிருந்து ஆற்றின் வளைவு முழுக்கத் தெரியும். என் கருத்தைக் கேட்டால், நேரம் நெருக்கடியாக இருந்தால் இதை விடலாம், தோட்டத்தை விடக்கூடாது. மழை வந்தால் இது, வெயில் அடித்தால் தோட்டம்.

இரண்டாம் நாளைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் இல்லாமல் போக எளிதானது சேந்த் எமிலியோன். சேன் ஜான் நிலையத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1999-இல், போர்தோவுக்கும் முன்னால், யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். ஒன்று மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன்: ரயில் நிற்கிற இடம் ஊருக்கு வெளியே, கொடிகளுக்கு நடுவே. அங்கேயிருந்து ஊருக்கு இருபது நிமிட நடை, கடைசியில் ஏற்றம். ஊருக்குள்ளே சில சந்துகள் செங்குத்தாக இறங்கும். வழுவழுவென்று தேய்ந்த கல். நடுவில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு இது ஆகாது. அம்மாவை நிலையத்திலிருந்து வாடகை வண்டியில் மேல்ஊருக்குக் கூட்டிப்போய், மணிக்கோபுரத்துப் பக்கத்துச் சதுக்கத்திலேயே இருக்கச் செய்யுங்கள். அங்கே உட்கார்ந்தாலே கீழே கூரைகளும் சுற்றிலும் கொடியும் தெரியும். கீழே ஒற்றைப் பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று இருக்கிறது, நம் குடைவரைகளை நினைவுபடுத்தும். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். அதற்கு நீங்களும் மனைவியும் மாறி மாறிப் போய்வரலாம்.

ஒயின் மாளிகைகள் எதற்காவது உள்ளே போக ஆசைப்பட்டால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். என் முதல் வருடத்தில் பக்கத்து ஊரிலிருந்து வந்த மாமாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு பேர்பெற்ற ஒரு மாளிகையின் வாசலுக்கு நேரே போய்விட்டேன். கேட்டைத் திறக்கவே இல்லை. வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்து திரும்பினோம், அத்தையின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. செப்டம்பர் அறுவடைக் காலம் வேறு. பல இடங்களில் பார்வையாளர்களுக்கு நேரம் ஒதுக்கவே முடியாது. சிறிய குடும்பத் தோட்டங்கள் இன்முகமாக வரவேற்பார்கள். முன்கூட்டியே எழுதி, "நாங்கள் குடிக்கமாட்டோம், கொடியையும் நிலவறையையும் பார்த்தால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கோப்பையைக் கையில் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடலாம். தொழில் தெரிந்தவர்களே வாயில் வைத்துத் துப்புகிறவர்கள்தான்.

இனி என் பாடம். பந்தலில் படர்ந்து தலைக்கு மேலே குலை தொங்கும் திராட்சையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே கொடியைக் குட்டையாக வெட்டி வைத்திருப்பார்கள். போர்தோவுக்கு வடக்கே உள்ள மெதோக் பகுதியில் மீட்டருக்கு ஒரு கொடி, வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், ஹெக்டேருக்குப் பத்தாயிரம் வரை இருக்கும். பழம் முழங்கால் மட்டத்தில் தொங்கும். மண்ணைப் பார்த்தால் விவசாயம் தெரிந்தவர்கள் திகைப்பார்கள், வெறும் கூழாங்கல். மலைகளிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்து பல லட்சம் ஆண்டுகளில் குவித்தது. தண்ணீர் நிற்காது, பகல் வெயிலைப் பிடித்து வைத்திருந்து இரவில் விடும். கபெர்னே சொவிஞோன் ரகம் மெதுவாகப் பழுக்கிறது, அதற்கு இந்தச் சூடு வேண்டும். சேந்த் எமிலியோன் பக்கம் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும், குளிர்ந்த மண், முன்னதாகப் பழுக்கும் மெர்லோவுக்கு ஏற்றது. ஆற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்று ஒயின்காரர்கள் பேசுவதன் அடிப்படை இந்த மண்தான்.

கொடியின் அடியில் குனிந்து பாருங்கள். தரைக்குச் சற்று மேலே முண்டுபோலப் புடைத்திருக்கும். அது ஒட்டுக்கட்டிய இடம். மேலே பிரெஞ்சுக் கொடி, கீழே அமெரிக்க வேர். 1860-களிலிருந்து ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்ஸின் கொடிகளை அழித்தது. அந்தப் பூச்சியோடு பிறந்து வளர்ந்த அமெரிக்க வேருக்கு மட்டும் அதைத் தாங்கும் சக்தி இருந்தது. ஒட்டுப் போட்டுத்தான் பிழைத்தார்கள்.

அடுத்தது வந்த நோய்தான் போர்தோவின் பெயரை நம்மூர் வரை கொண்டுவந்தது. 1878-இல் அடிச்சாம்பல் நோய் வந்து இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. போர்தோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே 1882 அக்டோபரில் மெதோக்கில் ஒரு தோட்டம் வழியாகப் போகும்போது, சாலையோரத்துக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். விசாரித்ததில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, விஷம் தெளித்ததுபோலத் தெரியட்டும் என்று தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். திருடனுக்குப் பயந்து தெளித்தது பூஞ்சாணத்தைக் கொன்றிருந்தது. அவர் சோதனைகள் செய்து 1885-இல் கலவையின் முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. நம் தென்னைக்கும் பாக்குக்கும் வெற்றிலைக்கும் மிளகுக்கும் அடிக்கிற அதே கலவை. நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (அந்தத் தாமிர உப்புதான்), ஒரு கிலோ சுண்ணாம்பு.

என் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருந்தவர். குருத்தழுகலுக்கு வருஷாவருஷம் இதைக் கலக்குவார். கலந்ததும் அரிவாளின் நுனியை அதில் முக்கி எடுத்துப் பார்ப்பார். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். அவர் போர்தோ வந்திருந்தபோது மெதோக் சாலையோரம் ஒரு வரிசை அருகே நின்றோம். இலையில் நீலம் கலந்த வெளிறிய திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. தொடாமல் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "டேய், இது நம்ம மயில்துத்தமில்ல?" என்றார். இந்த ஊரின் பெயரைத்தான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். போர்டோ என்பது ஓர் ஊரின் பெயர் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது, ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் அந்நியராக இல்லை. உங்கள் குடும்பத்தில் விவசாயம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். திட்டுப் படிந்த இலையையும் பழத்தையும் மட்டும் கையால் தொடவேண்டாம். பழம் எவ்வளவு அழகாகத் தொங்கினாலும் கேட்காமல் பறிக்கவும் வேண்டாம்.

வரிசை முனைகளில் ரோஜாச் செடி நிற்கும். கொடிக்கு முன்னால் ரோஜாவுக்கு நோய் வரும், அதைப் பார்த்து விவசாயி உஷாராவான் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இதைப் பாதிதான் நம்பலாம். ரோஜாவுக்கு வரும் சாம்பல் நோய்ப் பூஞ்சாணம் வேறு, திராட்சைக்கு வருவது வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றாது. இரண்டுக்கும் ஏற்ற பருவநிலை ஒன்றுபோல இருப்பதால் பழைய காலத்தில் ஓர் அறிகுறியாகப் பயன்பட்டிருக்கலாம். இப்போது அழகுக்குத்தான். அதேபோல, போர்தோவில் கரோன் ஆற்றின் மேல் நிற்கும் பழைய கல்பாலத்துக்கு 17 வளைவு இருப்பது நெப்போலியன் போனபார்ட் என்ற பெயரில் 17 எழுத்து இருப்பதால் என்பார்கள். பாலத்தைக் கட்ட உத்தரவிட்டது அவர்தான், முடிந்தது 1822-இல், வளைவு 17 என்பதும் உண்மை. எழுத்துக் கணக்கு பின்னால் சேர்ந்த கதை என்றே நினைக்கிறேன்.

ரயிலில் போகும்போது கொடிகளுக்கு நடுவே வெறுமையாக உழுது போட்ட நிலங்கள் கண்ணில் படும். ஒயின் குடிப்பவர்கள் பிரான்ஸிலேயே குறைந்துவருகிறார்கள். 2023-இலிருந்து அரசு மானியத்தோடு ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் கொடியைப் பிடுங்கியிருக்கிறார்கள். பேர்பெற்ற மாளிகைகளுக்குக் கஷ்டமில்லை. சிறு விவசாயிகள்தான் தாத்தா நட்டதைப் பிடுங்குகிறார்கள். அதைப் பார்ப்பது எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

சாப்பாட்டுக்கு வருவோம், அம்மாவுக்கு இதுதான் முக்கியம். உணவகங்களில் மதியம் 12-இலிருந்து 2 வரைதான் அடுப்பு. இரண்டரைக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது. இரவு ஏழரைக்குமேல். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கக்கூடும். "சான் வியாந்த், சான் புவாஸோன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள். சேன் மிஷேல் பகுதியில் வட ஆப்பிரிக்கர், துருக்கியர் கடைகள் உண்டு. காய்கறி கூஸ்கூஸ் கிடைக்கும், ஆனால் குழம்பு இறைச்சிச் சாற்றில் வைத்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பக்கத்தில் கபுசேன் சந்தை. திங்கட்கிழமை தவிர மற்ற நாள் காலையில் போனால் பழமும் காயும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளலாம். செப்டம்பரில் அத்தியும் பிளம்ஸும் அருமையாக இருக்கும். தங்குவதற்குச் சமையலறை உள்ள வீடாகப் பிடித்தால் அம்மாவுக்கு ஒரு ரசம் சாதத்துக்கு வழி பிறக்கும், என் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாரையும் அதுதான் காப்பாற்றியது.

ஊரின் பலகாரம் கனலே. வெளியே கருகிய சர்க்கரையின் மொறுமொறுப்பு, உள்ளே கொழுக்கட்டைபோல மெத்து. செம்பு அச்சில் தேன்மெழுகு தடவிச் சுடுவது முறை. அதில் முட்டை உண்டு, கொஞ்சம் ரம்மும் உண்டு, ஆகவே அம்மாவுக்கு வேண்டாம். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவை ஊற்றுவார்கள், மிஞ்சிய மஞ்சள் கருவைக் கன்னியாஸ்திரீகள் வாங்கிக் கனலே செய்தார்கள் என்று ஒரு கதை. வெள்ளைக்கருவை ஊற்றுவது உண்மை, இன்றும் சிலர் செய்கிறார்கள். கன்னியாஸ்திரீகள் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

நாட்களைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் செப்டம்பர் மூன்றாவது சனி, ஞாயிறை ஒட்டி வையுங்கள். பிரான்ஸ் முழுக்க மரபு நாட்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றைத் திறந்துவிடுவார்கள், பெரும்பாலும் இலவசம். ஆனால் கூட்டம் இருக்கும், அறையை முன்பே பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்களை நம்பவேண்டாம். ரயில், படகு நேரங்களைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் குதிகால் மெத்தென்ற செருப்பு வேண்டும், பழைய தெருக்கள் எல்லாம் கல் பாவியவை. சேன் ஆந்த்ரே பேராலயத்தின் மணிக்கோபுரமான பே பெர்லான் கோபுரத்தில் குறுகிய சுற்றுப்படி மட்டும்தான், அவர் கீழே இருக்கட்டும். தங்குமிடத்தை ஆற்றுக்கும் சி தடத்துக்கும் பக்கமாகப் பாருங்கள், களைத்தால் பத்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பலாம்.

பாரிஸ் திரும்பும்போது ரயில் போகும் திசையில் இடது பக்க ஜன்னலில் அம்மாவை உட்கார வையுங்கள். நிலையத்தை விட்டதும் வண்டி கரோன் ஆற்றைக் கடக்கும். ஊரும் கோபுரங்களும் சில நொடி தெரியும். ஏற்றமா இறக்கமா என்று தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள்.